ஓடும் ஈமுவுக்கு ஒரு திருகை

ஒருவழியாக, ஓடுகிற ஈமு ஒன்றின் படம் 1/80 வினாடி ஷட்டர் வேகத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. தலையும் கழுத்தும் கூர்மை, கால்கள் பாதி இழுபட்ட நிலையில், பின்னால் இருந்த புதர் முழுக்க கிடைக்கோடுகள். இதற்காக லென்ஸ் எதுவும் புதிதாக வாங்கவில்லை. காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகை, நாற்காலிக் காலுக்கு அடியில் போடும் டெஃப்லான் பொட்டு மூன்று, ஒரு போல்ட், நான்கு கிலோ அரிசி, இவ்வளவுதான். கார் ஜன்னலில் உட்கார வைத்து கேமராவை இடம் வலமாகச் சுழற்ற ஒரு பலகை செய்தேன், வீட்டில் அதற்குத் திருகை என்று பெயர் வைத்துவிட்டார்கள். செய்த விதத்தையும் நடுவில் வேலைக்கு ஆகாமல் போனதையும் எழுதி வைக்கிறேன். ஆப்பிரிக்காவில் நெருப்புக்கோழியையோ தென் அமெரிக்காவில் ரியா பறவையையோ எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே பலகை உதவும், தரை தட்டையாக இருந்தால் போதும்.

இடம் மங்கோ தேசியப் பூங்கா. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கு மூலை. மெல்பர்னிலிருந்து மில்டூராவுக்கு ஏறத்தாழ 540 கிலோமீட்டர், அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் 110, அதில் பெரும்பகுதி மண் ரோடு. மழை பெய்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, மில்டூராவிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். பதினைந்தாயிரம் ஆண்டுக்கும் மேலாக வறண்டு கிடக்கிற ஏரிப்படுகை அது, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. முழங்கால் உயர சால்ட்புஷ், புளூபுஷ் செடிகள்தான் ஒரே மறைப்பு. 42,000 ஆண்டுப் பழமையான மனித எலும்புகள் கிடைத்த இடம் என்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்க மணல்மேட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள், ஏரிப்படுகை ரோட்டில் கூட்டமே இருக்காது. சும்மா கிடக்கிற இடத்தில்தான் ஈமு நிற்கும்.

ஈமு என்றதும் நம்மூரில் பலருக்கு 2012-இல் பெருந்துறைப் பக்கம் பணத்தைப் போட்டுத் தொலைத்த கதைதான் ஞாபகம் வரும். அந்தக் கம்பிவேலிக்குள் நின்ற ஈமுக் கோழியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது ஓடும் என்பதே ஆச்சரியமாக இருக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வரை ஓடும். வேகம் எடுத்தால் ஒரு எட்டு 2.7 மீட்டர் வரை போகும். உயரம் 1.9 மீட்டர் வரை, எடை பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ. இறக்கை இருபது சென்டிமீட்டர்தான், இறகுக்குள் தேடினால்தான் தெரியும். பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு லாபம் உண்டு: அந்தக் கணுக்கால் எப்போது முழுசாக மடிகிறது என்று பார்த்து அழுத்தினால் ஓட்டம் படத்தில் தெரியும். இல்லையென்றால் நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 500 மில்லிமீட்டர் லென்ஸ், 1/2500 வினாடி, தொடர் அழுத்தல். கூர்மையாக வரவேண்டியது, வரவில்லை. ஃபோகஸ் தவறியிருக்கிறது என்று நினைத்து அதன் அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், லென்ஸையே சந்தேகப்பட்டேன். நின்றுகொண்டிருந்த பறவையும் அதே தூரத்தில் அதே மாதிரி குழம்பியிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, கானல், சூட்டில் காற்று அலையடிப்பது. குளிர்காலத்தில் கானல் இருக்காது என்று நினைப்போம். அப்படி இல்லை. இரவு உறைநிலைக்கு அருகில் போன காற்று, அதன் அடியில் ஒன்பது மணி வெயிலில் சூடேறுகிற களிமண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போதும். அறுபது மீட்டருக்கு அப்பால் இருந்த எதுவும் காலை ஒன்பதரைக்கு மேல் தேறவில்லை. காருக்குள் ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தால் அந்த வெப்பமே லென்ஸுக்கு முன்னால் அலையடிக்கும். இப்போது நான் எஞ்சினை அணைத்து, எல்லா ஜன்னலையும் இறக்கி, கால்மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கேமராவைத் தொடுகிறேன்.

கானல் இல்லாத முதல் ஒரு மணி நேரத்தில் 1/2500-இல் எடுத்தவை கூர்மையாகத்தான் வந்தன. ஆனால் பார்க்க நன்றாக இல்லை. ஒவ்வொரு இறகும் தெரிகிறது, தூசி கூட தனித்தனியாக நிற்கிறது, பறவை மட்டும் அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணி வைத்ததுபோல் இருந்தது. ஓட்டத்தைக் காட்ட வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும், கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பவேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. நான் நிற்கிற ரோட்டிலிருந்து பறவை 50 மீட்டர் தள்ளி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற சற்றுச் சின்ன அளவு சென்சார். 300 மில்லிமீட்டரில் அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் 3.7 மீட்டர் அகலம் அடங்கும். வினாடிக்கு 12 மீட்டர் ஓடுகிற பறவை, கேமரா அசையாமல் இருந்தால் மூன்றில் ஒரு வினாடிக்குள் ஃப்ரேமைக் கடந்துவிடும். அதைப் பிடித்து வைக்க வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 டிகிரி சீராகத் திருப்பவேண்டும். சீராக என்பதுதான் சிக்கல். ஒன்றரைக் கிலோ லென்ஸைக் கையில் பிடித்து இடுப்பைத் திருப்பினால் பக்கவாட்டில் ஓரளவு சரியாகத்தான் வருகிறது, மேலும் கீழும் ஆடுவதுதான் கெடுக்கிறது. 1/80 வினாடியில் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் படத்தில் கழுத்தை இரண்டாக்கிவிடும்.

பழகுவதற்கு ஈமு தேவையில்லை. மெல்பர்ன் பீச் ரோட்டில் சனி ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள், அது ஈமுவுக்கு நெருக்கமான வேகம்தான். ரோட்டோரப் புல்வெளியில் தள்ளி உட்கார்ந்து பழகினேன். ஒரே குறை, சைக்கிள் குதிக்காது. ஈமுவின் உடம்பு ஒவ்வொரு எட்டுக்கும் மேலே கீழே போய்வரும். அதனால்தான் சைக்கிளுக்கு 1/30-இல் அழகாக வந்த பழக்கம் பூங்காவில் செல்லவில்லை. 1/30-இல் பறவையின் எந்த இடமும் கூர்மையாக இருக்காது. 1/60-க்கும் 1/100-க்கும் நடுவில்தான் வேலை நடக்கிறது, எனக்கு 1/80.

சரி, பலகைக்கு வருவோம்.

முதல் வடிவத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு லேசி சூசன் பேரிங் வைத்தேன், சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டில்களைச் சுற்றவிடும் தட்டுக்கு அடியில் இருக்குமே அது. ஆறு அங்குலம், 12 டாலர். வீட்டில் வெண்ணெய்போல் சுற்றியது. பூங்காவில் அரை நாள் தாங்கவில்லை. அந்தச் செம்மண் தூசி மாவைவிட மெல்லியது, குண்டுகளுக்குள் போய் உட்கார்ந்து கரகரவென்று சத்தம், ஒவ்வொரு கரகரப்பும் படத்தில் ஒரு துடிப்பு. கிரீஸ் போட்டேன், தூசி அதோடு சேர்ந்து சாணைக்கல் பசையாகிவிட்டது. அது போக, இந்தப் பேரிங் அளவுக்கு மீறி லேசாகச் சுற்றும். கொஞ்சம் எதிர்ப்பு இருந்தால்தான் கை சீராகப் போகும், எதிர்ப்பே இல்லாவிட்டால் கையின் ஒவ்வொரு நடுக்கமும் அப்படியே லென்ஸுக்குப் போய்ச்சேரும்.

வழி கிடைத்தது வானியல்காரர்களிடமிருந்து. வீட்டிலேயே பெரிய தொலைநோக்கி செய்கிறவர்கள் டாப்சோனியன் என்று ஒரு மரத் தாங்கி செய்வார்கள், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜான் டாப்சன் பரப்பிய முறை. அதில் பேரிங்கே இருக்காது. டெஃப்லான் துண்டுகள் மேல் சமையலறை லேமினேட் தகடு சறுக்கும், அவ்வளவுதான். டெஃப்லானுக்கு ஒரு குணம், நகரத் தொடங்கும்போது இருக்கும் உராய்வும் நகர்ந்துகொண்டிருக்கும்போது இருக்கும் உராய்வும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் வெடுக்கென்று புறப்படாது. நட்சத்திரத்தைப் பின்தொடர மெதுவாகத் தள்ளுகிறவர்களுக்கு எது தேவையோ அதுதான் எனக்கும் தேவை, வேகம்தான் வேறு.

கீழ்ப்பலகை: 30க்கு 20 சென்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கட்டிங் போர்டு, 5 டாலர். மேல்பலகை: வீட்டில் மிச்சம் கிடந்த எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகை 12 மில்லிமீட்டர், 18 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக அறுத்தது. அதன் அடியில் லேமினேட் தகடு ஒட்டினேன், அலமாரி செய்கிறவரிடம் கேட்டால் வெட்டுத்துண்டு சும்மாவே கொடுப்பார். கண்ணாடிபோல் வழவழப்பானது வேண்டாம், விரலில் லேசான சொரசொரப்பு தெரிகிற ரகம்தான் டெஃப்லானுக்கு ஒத்துவருகிறது. டெஃப்லான் பொட்டு 22 மில்லிமீட்டர், நான்கு கொண்ட பாக்கெட் 6 டாலர். முதலில் ஒட்டும் ரகம் வாங்கினேன், கட்டிங் போர்டு பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, ஒரு குளிர் இரவில் மூன்றும் உரிந்து விழுந்தன. திருகாணி போடுகிற ரகம் வாங்குங்கள். திருகாணித் தலை பொட்டுக்குள் நன்றாக அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லேமினேட்டில் கோடு விழும். மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி, 120 டிகிரி இடைவெளியில் மூன்று. நான்காவதை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள், மூன்று புள்ளிதான் ஆடாமல் நிற்கும்.

மையத்தில் எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட். தலை மேல்பலகைக்குள் குழியில் அமுங்கிவிடும். அடியில் ஒரு ரப்பர் வாஷர், ஒரு இரும்பு வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட். சாதாரண நட் போட்டால் சுற்றச்சுற்ற தானாகத் தளரும். நட் அடியில் துருத்திக்கொண்டிருக்கும், கீழே அரிசிப் பை என்பதால் கவலை இல்லை. மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் முன்னால் ஆர்க்கா கிளாம்ப் என்கிற பிடிப்பான், 18 டாலர், லென்ஸின் அடியில் உள்ள கால் நேராக இதில் உட்காரும். கிளாம்பின் அடியில் இருப்பது 3/8 அங்குல மரை, யுஎன்சி என்கிற அங்குல ரகம். பார்க்க எம்10 மாதிரியே இருக்கும், எம்10 நுழையாது, முறுக்கி நுழைத்தால் மரை போய்விடும். ஹார்டுவேர் கடையில் அங்குல போல்ட் தனி டப்பாவில் இருக்கும், கேட்டு வாங்கவும். இந்த போல்ட்டின் தலையும் மேல்பலகையின் அடியில் குழிக்குள் அடங்க வேண்டும்.

இறுக்கம் எவ்வளவு என்று மீன்பிடிக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசால் பார்த்தேன். லென்ஸ் ஹூட் நுனியில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் சுமார் 400 கிராமில் நகரத் தொடங்குகிறது, அதற்கப்புறம் கிட்டத்தட்ட அதே எடையில் போய்க்கொண்டே இருக்கிறது. நட்டைக் கால் சுற்று இறுக்கினால் 600 ஆகிறது, அது தோளுக்கு வலி. ஒரு வட்ட ரசமட்டம் 5 டாலருக்கு வாங்கி மேலே ஒட்டினேன். பலகை சாய்ந்திருந்தால் திருப்பத் திருப்ப அடிவானம் ஒருபக்கமாக இறங்கும், அதனால் இது அவசியம்.

கீழே அரிசிப் பை. பழைய ஜீன்ஸின் ஒரு காலை அறுத்து இரண்டு முனையும் தைத்து, நடுவில் மடிப்பு விட்டு, கதவுக்கு உள்ளே பாதி வெளியே பாதி தொங்குகிற மாதிரி. ஜிப் 4 டாலர். அரிசியை நேராகக் கொட்டாமல் பழைய தலையணை உறைகளில் கட்டி உள்ளே வைத்தேன், கடையிலேயே மலிவான நீள அரிசி நான்கு கிலோ, 8 டாலர். போகும் வழியில் மில்டூராவில் வாங்கினால் சுமக்கவேண்டாம். திரும்பி வந்து அந்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டோம், வீணில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் பையை வைக்கவேண்டும், பாதி ஏறிய கண்ணாடி மேல் இவ்வளவு எடை வைத்தால் உடையும். போல்ட், நட், வாஷர் எல்லாம் 4 டாலர். கூட்டினால் 50. பேரிங்கும் கிரீஸும் சேர்க்கவில்லை, அது என் படிப்புச் செலவு.

ஜன்னலில் வைத்து எடுப்பதில் ஒரு கட்டுப்பாடு, கதவுத் தூண்கள். என் காரில் 80 டிகிரிக்குமேல் திருப்ப முடியாது. 50 மீட்டர் தூரத்தில் 80 டிகிரி என்றால் பறவை சுமார் 84 மீட்டர் ஓடும் வரை, அதாவது ஏழு வினாடி. கேட்கக் குறைவாகத் தோன்றினாலும் தாராளம், பறவை நமக்கு நேர் எதிரே வருகிற நடு இரண்டு வினாடிதான் பயன்படும். அதற்கு முன்னும் பின்னும் அது நம்மை நோக்கியோ விலகியோ ஓடுவதால் தலைக்கும் வாலுக்கும் வெவ்வேறு வேகம், ஒன்று கூர்மையானால் மற்றது இழுபடும்.

காரை விட்டு இறங்கித் தரையோடு தரையாக எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். பழைய வாணலியில் கேமராவைப் பொருத்தி அதையும் செய்து பார்த்தேன். களிமண் பொட்டலில் சரி, சால்ட்புஷ் நடுவே ஈமு ஓடினால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்த்த மகள், "அப்பா, இதுக்குக் காலே இல்லையே" என்றாள். ஜன்னல் உயரம்தான் செடிக்கு மேலே காலைக் காட்டுகிறது.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. நல்ல வெயிலில், சென்சாரின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100-இல் வைத்து 1/80 வேண்டுமென்றால் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-க்கும் கீழே சுருக்கவேண்டி வரும். அங்கே சென்சாரில் உள்ள ஒவ்வொரு தூசியும் கரும்புள்ளியாகத் தெரியும், பின்புலம் முழுக்கக் கோடாக இழுபட்டிருக்க அந்தப் புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும், பார்த்தவுடன் எரிச்சல். வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி8 ஃபில்டர் ஒன்று போட்டால் எஃப்/5.6-க்கு வந்துவிடலாம். சுற்றி மாற்றுகிற வேரியபிள் ரகம் நீள லென்ஸில் கூர்மையைக் கெடுத்தது, எடுத்துவைத்துவிட்டேன். பூங்காவுக்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது என்பது தனி விதி.

ஷட்டர் மெக்கானிக்கலில் இருக்கட்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தம் இல்லை, வினாடிக்கு முப்பது படம் வரும், ஆனால் கேமராவைத் திருப்பும்போது பின்னால் உள்ள வேலிக்கம்பங்கள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுகிற மாதிரி பதியும். வினாடிக்குப் பதினைந்து போதும், ஒரு எட்டுக்கு மூன்று படமாவது விழுகிறது. நடுக்கத்தடுப்பை மோட் 2-இல், அதாவது திருப்புகிற திசையை விட்டுவிட்டு மேலும் கீழும் மட்டும் சரிசெய்கிற நிலையில் வைக்கவேண்டும். ஃபோகஸில் கண் தேடும் வசதியை அணைத்துவிட்டேன், அந்தச் சின்னத் தலையை விட்டுவிட்டு செடிக்குத் தாவுகிறது. அகலமான கிடைமட்டப் பட்டையைக் கழுத்தின் அடிப்பகுதியில் வைத்தால் பிடித்துக்கொள்கிறது. வெளிறிய மண்ணில் கரும்பழுப்புப் பறவை என்பதால் ஒளியளவை முக்கால் ஸ்டாப், அதாவது முக்கால் படி, கூட்டி வைக்கிறேன்.

பறவையை எப்படி ஓட வைப்பது என்று கேட்பார்கள். ஓட வைக்கக்கூடாது. தேசியப் பூங்காவில் விலங்கைக் காரில் துரத்துவது சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம், துரத்தினால் படமும் வராது. 1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்குள் வந்த ஈமுக்களைச் சுட மேஜர் மெரிடித் தலைமையில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடு ராணுவத்தை அனுப்பினார்கள். ஒருகட்டத்தில் துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்திப் பார்த்தார்கள். லாரியால் பறவைகளை எட்ட முடியவில்லை, குலுக்கலில் சுடுகிறவரால் குறிபார்க்கவும் முடியவில்லை. கேமராவுக்கும் அதே கதிதான்.

ஈமு தானாகவே ஓடும். போன ஆண்டுக் குஞ்சுகள், இப்போது அம்மா உயரம் வளர்ந்தவை, குளிர்ந்த காற்று வீசுகிற காலையில் காரணமே இல்லாமல் பாய்ந்து ஓடி, நின்று, திரும்பவும் ஓடும். ஜூன், ஜூலையில் பல ஆண் ஈமுக்கள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், எட்டு வாரம் ஏறக்குறைய சாப்பிடாமல். அதனால் அந்த மாதங்களில் வெட்டவெளியில் கிடைப்பவை பெரும்பாலும் பெண்களும் இந்த இளசுகளும்தான். குஞ்சு பொரித்த பிறகு வரிக்குஞ்சுகளோடு அப்பன் தெரிந்தால் நான் காரையே நிறுத்துவதில்லை. மல்லாந்து படுத்துக் காலை ஆகாயத்தில் உதைத்தால் ஈமு வேடிக்கை பார்க்க வரும் என்று இங்கே சொல்வார்கள். உண்மைதான், வந்தது. ஆனால் நடந்துதான் வந்தது, ஓட்டத்துக்கு உதவாது.

அந்த 1/80 படம் கிடைத்தது ஏழரை மணி வாக்கில், லேசான மேகத்தில், ஃபில்டர் போடாமல். ஐந்தாறு இளசுகள் ரோட்டுக்கு இணையாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தன. அவை எங்கே போகின்றன என்று பார்த்து நான் முன்னாலேயே போய் நின்று பையைத் தட்டி மட்டம் சரிசெய்து வைத்திருந்தேன். கடைசியில் வந்தது பின்தங்கிப்போய், சேர்ந்துகொள்ள ஓடியது. அது ஃப்ரேமுக்குள் வரும் முன்பே திருகையைச் சுற்றத் தொடங்கிவிட்டேன், அழுத்தியது அப்புறம்தான். அழுத்தி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், விரல் நின்றதும் கையும் நின்றால் கடைசி நான்கைந்து படம் வீண். மொத்தத்தில் பத்துக்கு ஒன்று தேறினால் பெரிது. அந்த ஒன்றில் கணுக்கால் முழுசாக மடிந்து, ஊன்றிய காலின் மூன்று விரலும் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்தால் அதைவிடப் பெரிது.

அடுத்த முறைக்கு மாற்றவேண்டியவை சில உண்டு. எம்டிஎஃப் பனியில் ஊறி விளிம்பு உப்பிவிட்டது, மேல்பலகையை மரைன் ப்ளைவுட்டில் அறுத்து வார்னிஷ் அடிக்கப் போகிறேன். கிளாம்ப்பை ஒற்றை போல்ட்டில் மாட்டியதால் லென்ஸ் எடைக்கு மெல்லத் திரும்புகிறது, பக்கத்தில் ஒரு சின்ன ஆணி அடித்துத் தடுக்கவேண்டும். நைலாக் நட்டுக்குப் பதிலாகக் கையால் திருகுகிற குமிழ் ஒன்று இருந்தால் ஸ்பேனர் தேடாமல் இறுக்கத்தை மாற்றலாம், ஆனால் அது அதிர்வில் தளராமல் இருக்குமா என்று பீச் ரோட்டில் சோதித்துவிட்டுத்தான் பூங்காவுக்குக் கொண்டுபோவேன். அரிசி ஐந்து கிலோவாகப் போகிறது, நான்கு கிலோவில் பையின் வெளிப்பக்கம் லேசாக இருந்து பலகை உள்ளே சரிந்தது.